மூன்று துண்டு ஊசி

விடிவதற்குள் மெஷின்கள் இரைய ஆரம்பித்துவிடும். துணித்தூசி மூக்கில் ஏறும். பிசிறு வெட்டும் மேசையில் நான் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் வாசலில் அம்மா தெரிவாள். நான்கு நாளாக அவளுக்கு நிற்பதுதான் வேலை. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, தாளில் டேப் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் புது ஊசி. அம்மா ஒட்டும்போதெல்லாம் கண்ணை மூடி, "யார் உடம்புலயும் ஏறக் கூடாது சாமி" என்பாள். "அக்கா ஊசிக்குப் பூஜை போடுது" என்று மொத்த லைனும் சிரிக்கும்.

போன மாதம் அனுப்பிய குழந்தைச் சட்டை ஒன்றில் ஊசிமுனை இருந்ததாம். குழந்தையின் தோளைக் கிழித்துவிட்டதாம். அந்தச் சட்டைகள் தைத்த அன்று ஊசி உடைந்தது அம்மாவின் மெஷினில்தான். அவள் ஒட்டிக் கொடுத்த தாளை மட்டும் ஆபீசில் காணோம். அதனால் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

முதலாளி வாசலுக்கு வந்தார்.

"ஊசித்துண்டை மறைச்சேன்னு ஒரு கையெழுத்துப் போடும்மா. மன்னிச்சு உள்ள விட்டுடறேன்."

"மூணு துண்டு. மூணையும் குடுத்தேங்க. அந்தப் பிள்ளைய நெனச்சா மனசு ஆறல. அதுக்காக செய்யாததைச் செஞ்சேன்னு எழுத மாட்டேன். சாமி பார்த்துச்சு."

"அப்ப சாமியையே சாட்சிக்குக் கூட்டிட்டு வா."

அம்மா எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நான் குனிந்து நூலை வெட்டினேன். ஊசி உடைந்த அன்று அவள் சாமியிடம் வேண்டியது என் காதிலும் விழுந்திருந்தது.

அம்மாவின் பக்கத்து மெஷினில் தைப்பவள், எதற்கும் அவசரப்படுவதால் எங்களுக்கு அவசரக்கா, பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"சாமி வராது சார். நான் வரேன். அந்த டேப்பை அழுத்தினது என் கட்டைவிரல். மூணு துண்டு இருந்துச்சு."

"நாலு நாளா வாய்ல என்ன வச்சிருந்தே?"

"பயம் சார்."

"அக்கா வேண்டினது எனக்கும் கேட்டுச்சு" என்றாள் காலர் தைப்பவள்.

"கிண்டல் பண்ணதே நான்தான்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"எல்லாருக்கும் வாசல்தான்!" என்று கத்தினார் முதலாளி.

"தாளைத் தேடுங்க சார். கிடைக்கிற வரைக்கும் நாங்க அங்கதான் இருப்போம்" என்றாள் அவசரக்கா.

நானும் கத்தரியைக் கீழே வைத்தேன். "நானும் கேட்டேன்" என்றேன். யார் காதிலும் விழுந்திருக்காது.

எல்லாரும் வாசலுக்கு வந்தபோது வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவசரக்கா அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"நீ உக்காருக்கா. நாங்க நிக்கிறோம்."

நான்கு நாளுக்குப் பிறகு அம்மா படியில் உட்கார்ந்தாள்.