மெத்தையில் எடுத்த அளவு

போடி பஜாரில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கும் சுந்தர்ராஜுக்கு நாற்பத்தாறு வயதில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. ஆசை வந்தால் சும்மா இருக்கிற ஆளில்லை அவன். கொச்சிக்காரர் ஒருவர் ஓட்டிச் சலித்த மஞ்சள் காரை வாங்கி, போடிமெட்டு மலைப்பாதை வழியாகத் தானே ஓட்டி இறக்கிக்கொண்டு வந்தான். கதவு இரண்டு, சீட்டும் இரண்டுதான். கடைத்தெருவே வந்து தொட்டுப் பார்த்தது.

அவன் மனைவி சாராள் அதில் ஒரே ஒரு தடவை ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது அவள் சாவிக்குக் கை நீட்டினாள். சுந்தர்ராஜ் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சத்தமில்லாமல் இடதுபக்கம் போய் உட்கார்ந்தாள். தரையோடு தரையாகக் கிடக்கிற சீட் அது. வளைவில் ஆள் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் மேடு கட்டி இடுப்பைக் கவ்விப் பிடிக்கும். வீட்டு வாசலில் அவளைக் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. எனக்கு இந்தக் கார் தோதுப்படாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அதற்குப் பிறகு தேனிக்குக்கூடப் பஸ்ஸில்தான் போனாள்.

சுந்தர்ராஜுக்கு இது பெரிய வருத்தம். அடுத்த மாதம் இருபதாவது கல்யாண நாள். அன்றைக்கு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து மெட்டு ஏற வேண்டும் என்றுதான் காரையே வாங்கினான். பக்கத்து சீட் காலியாகக் கிடக்க, தனியாக ஓட்டிப் பார்த்தான். சர்க்கஸ்காரன் மாதிரி இருந்தது. காரணம் சீட்தான் என்று அவனாகவே முடிவு செய்தான். பூசினாற்போல் இருக்கிற பொம்பளைக்கு அந்த மேடு இடிக்காதா? அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தெரியாததைக்கூடத் தெரிந்த மாதிரி முடிவு செய்கிற வியாதி அவனுக்கு ரொம்ப நாளாக உண்டு.

மெத்தைக்காரன் சீட் தைக்க இன்னொருத்தனிடம் போவதா என்ற ரோஷத்தில், போல்ட்டைக் கழற்றி சீட்டைக் கடை மாடிக்குத் தூக்கிவிட்டான். போனில் வீடியோ பார்த்து உறையைப் பிரித்தான். எல்லாம் சரி, அளவு வேண்டுமே? இடுப்பளவு கொடு என்று பெண்டாட்டியிடம் கேட்டால் அன்றைக்குச் சோறு கிடைக்காது.

அங்கேதான் அவன் தொழில் புத்தி வேலை செய்தது. பஞ்சு அடிக்க வருகிற பழைய மெத்தைகளை விரித்துப் பார்த்தே, படுத்தவர் ஒருக்களித்துப் படுப்பவரா, மல்லாக்கப் படுப்பவரா, எந்த இடுப்பில் வலி என்றுகூடச் சொல்லிவிடுவான். பல வருஷம் படுத்த பள்ளம் பொய் சொல்லாது. சாராள் சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போன ஒரு சாயங்காலம், கட்டில் விரிப்பை விலக்கி, அவள் படுக்கிற சுவரோரத்துப் பள்ளத்தில் செய்தித்தாளை விரித்து அழுத்தி, ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொண்டான். நல்ல ஆழம், நல்ல அகலம். பாவம், அந்தச் சின்ன சீட்டில் எப்படித்தான் உட்கார்ந்தாளோ என்று அவனுக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

பக்கத்து மேடுகளை ரொட்டி வெட்டும் கத்தியால் சீவி இறக்கினான். அடியில் தேங்காய் நார்த் தகடு, மேலே ஃபோம், அதற்கு மேல், கை சும்மா இருக்காமல், ஒரு பிடி இலவம்பஞ்சு. மெத்தை உறை தைக்கிற மிஷினில் ரெக்சினைக் கொடுத்து நாலு ஊசியை ஒடித்தான். இருபத்தைந்து வருஷமாக அந்தக் கடையில் பஞ்சு அடிக்கிற ராக்கையா, காகித அளவைப் பார்த்துவிட்டு, அம்மா இம்புட்டு அகலம் இருக்க மாட்டாகளே என்று இழுத்தார். மெத்தையே சொல்லுதுய்யா என்று அவர் வாயை அடைத்தான்.

கல்யாண நாள் காலையில் சீட்டை மாட்டி, சாராளை வாசலுக்கு அழைத்து வந்தான். ஒரு தடவை உட்காந்து மட்டும் பாரு என்று கெஞ்சினான். உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் காலியாகக் கிடந்தது. அவள் அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தாள்; முகம் சுருங்கியது.

"நான் இம்புட்டுப் பெருசாவா இருக்கேன் உங்க கண்ணுக்கு?"

சுந்தர்ராஜுக்கு வியர்த்துவிட்டது. மறைக்க வழியில்லாமல் செய்தித்தாள் வைத்து அளவெடுத்த கதையைச் சொன்னான்.

"போன மாசம் மெத்தயத் தலமாட்டக் கால்மாடாத் திருப்பிப் போட்டேன். உங்க பக்கம் சுவரோரம் வந்திருச்சு. நீங்க அளந்தது உங்க பள்ளம்."

கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், மூன்று மாதத்துக்கு ஒருதரம் மெத்தையைத் திருப்பிப் போடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறவன் அவன். தன் வீட்டில் திருப்பியது தெரியவில்லை. ஒரு மாதமாக முதுகுவலி இல்லாமல் தூங்கியதைக் கார் வந்த ராசி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்?

"எதுக்குத் திருப்புன?"

"முதுகு வலிக்குதுன்னு பொலம்புனீக. உங்க பக்கம் குழியாப் போச்சு. அதான்."

"அப்ப நீ அந்தக் குழியிலயா படுக்குற?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள், அது ஒரு பெரிய விஷயம் இல்லை என்பது மாதிரி. பின்னே சீட் காரணமில்லை என்றால் ஏன் இந்தக் காரில் வரமாட்டேன் என்கிறாள் என்று கேட்டான். கேட்டது அதுதான் முதல் தடவை.

"பன்னெண்டு வருசமா மலைக்கு மேல பூப்பாறை வரைக்கும் நம்ம லோடு வண்டிய யாரு ஓட்டிட்டுப் போறா? அன்னைக்கிச் சர்ச் வாசல்ல சாவிதான கேட்டேன். இது மெத்த ஏத்துற வண்டி இல்லன்னு சொன்னீக. எல்லாரும் சிரிச்சாக."

அவன் சொன்னதுதான். சொன்ன அடுத்த நிமிஷம் மறந்தும் போனான். ஒரு மாதம் ஊசி ஒடிய ஒடியத் தைத்ததெல்லாம் அவள் கேட்காத ஒன்றுக்காக. வெட்கமாக இருந்தது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, இடதுபக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் எழுந்து சுற்றிப் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். அவன் கை வைக்காத அந்தச் சின்ன சீட் அவளுக்குச் சரியாக இருந்தது. தான் தைத்த சீட்டில் அவன் உட்கார்ந்தான். தோள், இடுப்பு, தொடை எல்லாம் சொல்லிவைத்த மாதிரிப் பொருந்தின.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவில் மெதுவா என்று சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் கியரை மாற்றி, எதிரே வந்த ஜீப்புக்கு ஒதுங்கி, வண்டியை லாவகமாகத் திருப்பியிருந்தாள். வார்த்தையை விழுங்கிக்கொண்டான். மேலே வண்டியை நிறுத்தியபோது அவள் முகம் சிவந்து, சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. உட்கார்ந்து வரச் சௌகரியமாக இருந்ததா என்று அவள்தான் கேட்டாள். அது அவன் அவளிடம் கேட்க ஒரு மாதமாகச் சேர்த்துவைத்திருந்த கேள்வி.

இருந்தது என்றான். கீழே போடி சின்னதாகத் தெரிந்தது. நாளைக்கு முதல் வேலையாக நம் மெத்தையைக் கடைக்குக் கொண்டுபோகிறேன் என்றான்.

"ராக்கையாண்ணன்கிட்டச் சொல்லி, ரெண்டு பக்கமும் சமமா அடிச்சுக் கொண்டாங்க" என்றாள் சாராள், சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டே.