பாதியில் நின்ற இசைக்கு ஒரு குலவை

பசுமலையில் ஒரு கல்லூரி அரங்கம். இரண்டாம் உலகப் போரில் மாண்ட இசையமைப்பாளர்களின் நினைவாக ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. கடைசி இசையை எழுதியவரை, அது பாதியில் இருக்கும்போதே வதைமுகாமுக்கு இழுத்துப்போய்க் கொன்றுவிட்டார்களாம். அவர் விட்ட இடத்திலேயே வயலின்களும் நின்றன.

"ஒரு நிமிடம் மௌனம் காப்போம்" என்றார் அறிவிப்பாளர்.

எல்லோரும் தலைகுனிந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, எங்கள் ஊரில் சாமி புறப்படும்போது இடுவதுபோல ஓங்கிக் குலவையிட்டேன். பின்வரிசையில் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

என் கணவர் பாண்டிராஜ் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "ஏய், சத்தம் போடக் கூடாதுன்னு சொல்றாங்கள்ல? உக்காரு!"

"அந்த மனுசனைக் கொன்னவனும் அதத்தாங்க சொன்னான்" என்றேன்.

மறுபடியும் குலவையிட்டேன்.