ஸ்டேஷன் குளத்தில் வாவுபலி

ஆர்க்கிடெக்டான என் சேட்டன் பிரசோபனின் படத்தைப் பத்திரிகையில் வரவைத்த குளம் அது. கார் நிறுத்துமிடத்தைப் பெயர்த்து, என்றோ மண்போட்டு மூடிய குளத்தை மீட்டு, அதன் கரையிலேயே கண்ணாடிக் கூரையோடு புது ரயில்வே ஸ்டேஷன் கட்டினான். 'இயற்கையோடு இணைந்த நிலையம்' என்று பலகை வேறு. இயற்கையாவது மண்ணாங்கட்டியாவது! படித்துறைக்கு இடம் போதவில்லை என்று அங்கிருந்த தூங்குமூஞ்சி மரங்களை ஒன்றுவிடாமல் வெட்டிச் சாய்த்தவனும் அவன்தான்.

அச்சன் அங்கிருந்த பழைய ஸ்டேஷனில் தண்டவாள கேங்மேனாக இருந்தவர். "குளத்தைத் தோண்டு, வேணாங்கல. மரத்துல கைவெச்சேன்னா எங்கிட்டப் பேசாதே" என்றார். சேட்டன் கைவைத்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறக்கும்வரை அச்சன் அவனோடு பேசவே இல்லை.

கர்க்கடக அமாவாசை வந்தது, இறந்தவர்களுக்கு வாவுபலி கொடுக்கும் நாள். பலிச்சோற்றைக் காக்கை எடுத்துவிட்டால் அச்சன் மன்னித்துவிட்டதாக அர்த்தம். சேட்டனுக்கு அது போதும். எப்போதும்போல ஆலுவா ஆற்றுக்குப் போகலாம் என்றாள் அம்மா. அச்சன் வேண்டாமென்று சொல்லாத குளத்தில்தான் செய்வேன் என்று இவன் அடம்பிடித்தான்.

ஈர முண்டோடு உட்கார்ந்து, இலையில் எள்ளும் சோறும் வைத்து, நனைந்த கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிட்டான். ஒரு காக்கை இல்லை. கூரையிலிருந்து பருந்தின் கூச்சல்தான் வந்தது.

"பருந்தா அது?" என்றாள் அம்மா.

"ஸ்பீக்கர், அம்மே. கண்ணாடில பறவைங்க எச்சம் போடுதுன்னு வெச்சது" என்றான் சேட்டன்.

"அடப்பாவி! காக்காயை விரட்ட மெஷின் வெச்சுட்டு, இப்பக் கையத் தட்டி அச்சனைக் கூப்பிடுறியா?" என்றேன்.

போன் போட்டுக் கெஞ்சி அதை நிறுத்தவைத்தான். மறுபடி தட்டினான். ரயிலுக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் உள்ளங்கை சிவந்துபோயிற்று. உட்கார ஒரு கிளைகூட இல்லாத இடத்துக்குக் காக்கை எங்கிருந்து வரும்? என் கோபமெல்லாம் போயிற்று.

"வருவாரு அம்மே. இன்னும் கொஞ்ச நேரம்..."

அம்மா இலையை எடுத்துக் குளத்தில் கவிழ்த்தாள். சோறு டைல்ஸ் தரையில் போய்ப் படிந்தது. கொத்த ஒரு மீனும் இல்லை.

"எழுந்திரு மோனே, சளி பிடிக்கும்." முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். "கோபத்துல அவர் வராம இல்ல. வந்து உட்கார இடமில்ல, அவ்வளவுதான். நான் போனப்புறம் என்னை இங்க கூப்பிட்டுடாதே."

சேட்டன் சரியென்று தலையாட்டினான்.