குளியலறைக் கதவும் வெள்ளிக்கிழமைத் தவணையும்

எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு இல்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் பழைய பாலியஸ்டர் புடவை ஒன்று கயிற்றில் தொங்கியது. காற்று ஒரு பக்கம் அடித்தால் உள்ளே வரும், மறுபக்கம் அடித்தால் வெளியே போகும். சும்மா தொங்கி நான் பார்த்ததில்லை.

வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரத்தில் இருக்கிறது. பௌர்ணமி அன்று மலையைச் சுற்றி வருகிற கூட்டத்தில் சிலருக்கு அவசரம் வரும். புது வீடு, வெளிப்பக்கமாகத் திறக்கும் குளியலறை, அதில் திரை, திரைக்குக் கீழே பக்கெட். நேராக வந்துவிடுவார்கள். ஒருமுறை நான் முகத்தில் சோப்போடு நின்றபோது ஓர் அம்மாள் திரையை விலக்கிப் பார்த்தார்.

"நீ குளிம்மா. எனக்கொண்ணும் அவசரமில்ல, நிக்கறேன்."

உண்மையிலேயே நின்றார். தன் ஊர், மருமகள், முட்டி வலி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு நின்றார். "கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று சொல்ல எனக்கு வாய் வருவதற்குள் சோப்பு காய்ந்துவிட்டது. அதன்பிறகு பௌர்ணமி அன்று குளிப்பதையே விட்டுவிட்டேன்.

கதவு வருவது சங்கத்தின் கையில் இருந்தது. திருவண்ணாமலை டவுனில் உள்ள கூட்டுறவு வீட்டுக்கடன் சங்கத்தில் அம்மா பெயரில் கடன் வாங்கித்தான் வீட்டைக் கட்டினோம். பெண்கள் பெயரில் வாங்கினால் வட்டி கம்மி. ஆனால் மொத்தமாகத் தரமாட்டார்கள். அஸ்திவாரத்துக்கு ஒரு பகுதி, கூரைக்கு ஒரு பகுதி, மீதிக் கதவுகளுக்குக் கடைசிப் பகுதி. அந்தக் கடைசிப் பகுதியைப் பெற, மூன்று மாதத் தவணையைத் தொடர்ந்து தவறாமல் கட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. நாங்கள் எப்போதும் முதலிலேயே இருந்தோம்.

சங்கத்தின் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. 'மாதத் தவணை செலுத்த ஐந்து எளிய வழிகள்.' கீழே நான்குதான் இருந்தன. எழுதியவர் தவறாக எண்ணிவிட்டார் என்று நினைத்தேன். செயலாளர் சக்கரபாணி சாரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் வேதியியல் படித்துவிட்டுப் பால் குளிரூட்டும் நிலையத்தில் பாலைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். பாலிடம் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் வழி, கவுன்ட்டரில் நேரில் கட்டுவது. அதை அப்பா எடுத்துக்கொண்டார். அப்பா தருமனுக்குக் கொஞ்சம் நிலமும், பாதையோரம் ஒரு இளநீர்க் கடையும் உண்டு. தவணை நாள் ஐந்தாம் தேதி. அந்த மாதம் பௌர்ணமியும் ஐந்தாம் தேதி வந்தது.

"இன்னிக்குக் கடையை வுட்டுட்டு டவுன்ல க்யூல நிக்கச் சொல்றியா?" என்றார் அப்பா. "பஸ்ஸும் இல்ல, ரோட்டையும் அடைச்சுட்டான். மலையைச் சுத்திக்கிட்டு நடந்து போனா சாமி கும்புட்ட புண்ணியம் வரும். ரசீது வராது."

மறுநாள் போய்க் கட்டினார். தாமதம் தாமதம்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது வழி, சங்கத்தின் ஆள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வது. தேவிப்ரியா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை.

"செவ்வாக்கிழமை வூட்டுக் காசை வெளிய குடுக்கறதில்லம்மா. உக்காரு, காபி குடி" என்றாள் அம்மா.

புதன்கிழமை வந்தாள். பொழுது சாய்ந்திருந்தது. "இப்பத்தான் வெளக்கு ஏத்துனேன். ரெண்டு முறுக்காவது எடுத்துக்க." அடுத்த நாள் அஷ்டமி. அன்று பாயசம். வெள்ளிக்கிழமை அவளே வரவில்லை.

கடைசியாக வந்தபோது அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். "ஆன்ட்டி, உங்க வூட்டுக்கு வந்து வந்து என் சுடிதாரெல்லாம் டைட்டாயிடுச்சு. காசு மட்டும் வரல."

மூன்றாவது வழி காசோலை. அம்மா 'கஸ்தூரி' என்று கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு முறையும் வேறு ஒரு கஸ்தூரி வந்தாள். வங்கி யாரையும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான்காவது வழியை நான் எடுத்துக்கொண்டேன். அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து ஐந்தாம் தேதி தவணை தானாகவே சங்கத்துக்குப் போய்விடும். பேச வேண்டாம், நிற்க வேண்டாம். எனக்கு ஏற்ற வழி. இரண்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது மாதமும் போய்விட்டால் கதவு. ஒரு கடையில் கதவுகளைக்கூடப் பார்த்து வைத்தேன். வெளிர்நீலம், உள்பக்கம் தாழ்ப்பாள்.

அந்த வாரம் அம்மா தினசரி காலண்டரைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி பூஜா, அஞ்சாந்தேதி வெள்ளிக்கிழமை வருதே. அந்த மெஷினுக்குக் கிழமை தெரியுமா?"

"தெரியாதும்மா. தேதி மட்டும்தான்."

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னா நிறுத்தாது?"

"நிறுத்தாது" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

வெள்ளிக்கிழமை காலை பால் நிலையத்தில் இருந்தபோது குறுஞ்செய்தி வந்தது. கணக்கில் போதிய பணம் இல்லை, தவணை திரும்பியது. கையிலிருந்த சோதனைக் குழாயை வைத்துவிட்டு மறுபடி படித்தேன். முந்தின நாள்வரை பணம் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா பூஜை மாடத்தைக் காட்டினாள். லட்சுமி படத்துக்கு முன்னால் மொத்தப் பணமும் ரப்பர் பேண்ட் போட்டுப் பூ வைத்து உட்கார்ந்திருந்தது.

"நேத்தே உங்கப்பாவக் கூட்டிட்டுப் போய் ஏடிஎம்ல எடுத்துட்டேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமிய மெஷின் இழுத்துட்டுப் போவப் பாத்துச்சு. தப்பிச்சுட்டா." அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நாளைக்குத் திரும்பப் போட்டுடறேன். எடுத்துக்கட்டும்."

"நாளைக்கு எடுத்துக்காதும்மா."

"ஏன்? சனிக்கிழமை அதுக்கு லீவா?"

மறுபடி முதலில் இருந்தோம். நான் திரைக்குப் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அங்கேயும் காற்று வந்து திரையைத் தூக்கியது.

அதை அம்மா பார்த்துவிட்டாள். அடுத்த வாரம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"வா. அந்த சக்கரபாணி சாரை நானே கேக்கறேன்."

அன்றும் வெள்ளிக்கிழமை. நல்ல நாளில்தான் போக வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு; கொடுக்க வேண்டியது எதுவும் இல்லாததால் வெள்ளிக்கிழமை நல்ல நாள்தான்.

சங்கத்தில் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. இரும்புப் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தது. எங்களுக்கு முன்னால் முருகவேல் என்பவர் நின்றிருந்தார். அவருக்குக் கூரைப் பணம் வர வேண்டும்.

"நாளைக்கு வாங்க. இன்னிக்கு சர்வர் டவுன்" என்றார் சக்கரபாணி சார்.

"போன வெள்ளிக்கிழமையும் டவுனு சார். அதுக்கு மொத வெள்ளிக்கிழமையும் டவுனு. வெள்ளிக்கிழமையானா சர்வருக்கு இன்னா வருது?"

அப்போது ஒருவர் தவணை கட்ட வந்தார். சர்வர் உடனே வேலை செய்தது. ரசீது வந்தது.

முருகவேல், சாரைப் பார்த்தார். சார் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க. வெள்ளிக்கிழமை இந்தப் பொட்டியிலேர்ந்து காசு வெளிய வுடறதில்ல. சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்படித்தான்."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏன் சார், உங்க லட்சுமி வெள்ளிக்கிழமை வூட்டை வுட்டு வெளிய போவமாட்டா. எங்க லட்சுமி மட்டும் பஸ் புடிச்சு உங்க வூட்டுக்கு வரணுமா?"

"அது வேறம்மா."

"எப்படி வேற?"

"இது ஆபீஸு."

"ஆபீஸுல எதுக்கு சாம்பிராணி?"

முருகவேலுக்கு நாள் நன்றாகப் போகத் தொடங்கியது. அவரும் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டார்.

"நான் சொல்றதைக் கேளுங்கம்மா" என்றார் சார். "தேதியை மாத்தித் தர்றேன். ஆறாந்தேதி?"

"ஆறாந்தேதி வெள்ளிக்கிழமை வராதா?"

"எப்பவாவது வரும்."

"அப்ப வேணாம்."

"எந்தத் தேதி போட்டாலும் என்னிக்காவது வெள்ளிக்கிழமை வரத்தாம்மா செய்யும்!"

"கண்டுபுடிச்சீங்களே" என்றாள் அம்மா.

நான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையின் கீழ்ப்பகுதியை ஒரு தினசரி காலண்டர் மறைத்துக்கொண்டு தொங்கியது. மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பியபோது காலண்டர் மேலே எழும்பியது. அதற்கு அடியில் ஒரு வரி தெரிந்தது. விசிறி திரும்பிப் போனதும் மறைந்தது. அடுத்த முறை விசிறி வரும்வரை காத்திருந்து மீதியைப் படித்தேன். ஐந்தாவது வழி. சங்கத்திலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதிலிருந்து தவணையைப் பிடித்துக்கொள்ளச் செய்வது.

"இங்கயே ஒரு கணக்கு ஆரம்பிச்சா" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை.

"அம்மா. இங்கயே கணக்கு ஆரம்பிச்சா, நீ புதன்கிழமையே வந்து போட்டுடலாம்."

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சாரிடம் திரும்பி, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் ஒரு யோசனை சொல்றேன் சார்! இங்கயே ஒரு கணக்கு ஆரம்பிங்க!"

"அடடே" என்றார் முருகவேல். "அம்மா படிச்சவங்க போலிருக்கே."

சக்கரபாணி சார் காலண்டரைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். அவருக்கும் அது புதிதாக இருந்தது.

அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "புதன்கிழமை நான் போடறேன். வெள்ளிக்கிழமை நீங்க எடுப்பீங்க. எடுத்து எங்க கொண்டுபோவீங்க?"

"எங்கயும் கொண்டுபோவலம்மா. உங்க கணக்குலேர்ந்து கடன் கணக்குக்கு. கட்டடத்தை வுட்டு வெளியவே போவாது. ஒரே பீரோவுல மேல் தட்டுலேர்ந்து கீழ்த் தட்டுக்கு வெச்ச மாதிரி."

அம்மா கண்ணை மூடிப் பீரோவை யோசித்தாள்.

"அப்ப எங்க வூட்டை வுட்டு அவ புதன்கிழமையே கெளம்பிட்டா. இங்க வந்த பிறகு உங்க வூட்டுக்குள்ள எந்தத் தட்டுல வேணும்னாலும் நடக்கட்டும். அது உங்க பொறுப்பு."

"என் பொறுப்பு" என்றார் சார். பெட்டியைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுக்கொண்டார். கணக்கு தொடங்கும் படிவத்தில் அம்மா கையெழுத்து போட்டாள். இன்னொரு புது கஸ்தூரி. இந்த முறை இதுவே முதல் கையெழுத்து என்பதால் யாரும் எதிர்க்கவில்லை.

அதன்பிறகு மூன்று தவணைகளும் தவறாமல் போயின. அவற்றில் ஒன்று வெள்ளிக்கிழமையே போயிற்று. அன்று காலை அம்மா, "இந்நேரம் கீழ்த் தட்டுக்கு வந்திருப்பா" என்று மட்டும் சொன்னாள். கடைசிப் பகுதிப் பணமும் ஒரு வியாழக்கிழமை எங்கள் கைக்கு வந்தது.

மறுநாளே தச்சர் குமரேசன் கதவோடு வந்துவிட்டார். வெளிர்நீலம். கடையில் பார்த்த அதே கதவு. பௌர்ணமி நாள் என்பதால் பாதையில் மதியத்திலிருந்தே கூட்டம் நடக்கத் தொடங்கியிருந்தது. அவர் கதவை மாட்டி, திறந்து மூடிக் காட்டினார். பிறகு கூலி கேட்டார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே குமரேசா" என்றாள் அம்மா. "நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்க. காபி குடிக்கறியா?"

குமரேசன் காபி குடித்தார். கோபப்படவில்லை. தம்ளரை வைத்துவிட்டு, இன்னும் பொருத்தாத தாழ்ப்பாளை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்ப இதையும் நாளைக்கே போட்டுடறேங்க்கா."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனார். நான் கதவைப் பார்த்தேன். பாதையைப் பார்த்தேன். மூன்று பெண்கள் கூட்டத்திலிருந்து பிரிந்து, புது வீட்டை நோக்கிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓடினேன். தெருமுனைக்கு முன்னால் அவரைப் பிடித்துவிட்டேன். "அண்ணா" என்றபோது என் குரல் எனக்கே புதிதாக, சத்தமாக இருந்தது. சம்பளப் பணம் என் போனில் இருந்தது. அங்கேயே நின்று அனுப்பினேன்.

குமரேசனின் போன் வாயைத் திறந்து தெரு முழுக்கக் கேட்கும்படி, இன்ன தொகை வந்து சேர்ந்தது என்று தெளிவான தமிழில் அறிவித்தது. வீட்டு ஜன்னலில் அம்மாவின் தலை தெரிந்தது.

குமரேசன் திரும்பி வந்து தாழ்ப்பாளைப் பொருத்தினார். அவர் போன பிறகு அம்மா கேட்டாள்.

"வூட்டுக் காசா, உன் காசா?"

"என் காசு."

"எங்க நின்னு அனுப்புன?"

"தெருவுல."

அம்மா சமையலறைப் பக்கம் பார்த்து யோசித்தாள். கண்ணை மூடினாள். பீரோவை யோசிக்கும் முகம்.

"நெலைப்படிக்கு வெளியதானே?"

"தெருமுனைக்கிட்ட."

"அப்ப சரி. வூட்டுலேர்ந்து போவல." வேலையைப் பார்க்கப் போனாள். உள்ளேயிருந்து மறுபடி குரல் வந்தது. "போ, போய்க் குளி. நேத்துலேர்ந்து பால் நாத்தம் அடிக்குது உம்மேல."

நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். எடுத்துப் பார்த்தேன். மறுபடி போட்டேன். தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும்போது வெளியே கொலுசுச் சத்தமும் பேச்சும் நெருங்கி வந்தன. யாரோ கதவைத் தள்ளினார்கள். கதவு அசைந்தது, திறக்கவில்லை.

"யாரோ இருக்காங்கடி" என்றது ஒரு குரல்.

நான் சோப்பை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் தேய்த்தேன்.