வாய்கட்டிய நடுவர்

முப்பது வருடம் சாயத்தொட்டியோடு மாரடித்தவர் என்பதால்தான், வக்கீல் வேண்டாமென்று தையல்கடைக்காரியும், அவளுக்குத் துணிக்குச் சாயம் போட்டுக்கொடுத்த சாயக்காரனும் அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். வெளுத்துப்போச்சென்று வாங்கியவர்கள் அவளிடம் திருப்பியனுப்பிய சீருடையைத் தேய்த்துப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, தப்பு சாயக்காரனுடையது. ஆனால் இருவரையும் பேசவைப்பதோடு சரி, தீர்ப்புச் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"நாங்கதான் வெயில்ல காயப்போட்டுக் கெடுத்துட்டோமோ அண்ணே?" தையல்கடைக்காரி அவர் முகத்தையே பார்த்தாள்.

"நான் எதுவும் சொல்லக்கூடாதும்மா." சாயக்காரனிடம் திரும்பினார். "தம்பி, உன் பக்கம் ஏதாவது விட்டுப்போச்சா?"

"அக்காவே ஒத்துக்கிட்டாங்க, நான் எதுக்குக் குறுக்கே விழணும்?" என்றான் அவன், பால் வடியும் முகத்தோடு.

நஷ்டம் முழுவதையும் ஏற்று அவள் கையெழுத்திட்டாள். இனி கடையை மூடத்தான் வேண்டும்.

"வக்கீல்னா வருஷக்கணக்கா இழுத்திருப்பாங்க. நீங்க நல்லா இருக்கணும்ணே," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கையை இழுத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.