எல்லம்மாள் உயிரோடுதான் இருக்கிறாள்

அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்த அங்கன்வாடி டீச்சர் ஆர்த்தி, இரண்டு முறை தேடிவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லம்மாள்னு பேரே இல்லம்மா. இறந்துட்டாங்கன்னு எடுத்திருக்காங்க. உங்க வீட்டு நம்பர்ல கன்னியம்மாள்னுதான் இருக்குது."

எல்லம்மாளுக்கு உடனே விளங்கிவிட்டது. அவளும் கன்னியம்மாளும் இரட்டைப் பிள்ளைகள். அறுபத்திரண்டு வருஷம் ஒரே முகம். இருவர் வாக்காளர் அட்டையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். கைக்கு எது வந்ததோ அதை எடுத்துப்போவார்கள். போட்டோவைப் பார்த்து யாரும் கேள்வி கேட்டதில்லை. மாசியில் கன்னியம்மாள் போனபோது அவள் மகன் புகழேந்தியும் அப்படித்தான், அழுத கண்ணோடு டப்பாவில் கைவிட்டுச் சித்தியின் அட்டையை எடுத்துப்போய் இறப்பைப் பதிந்துவிட்டு வந்திருக்கிறான்.

"நான் இதோ நிக்கறேனே?"

"நிக்கறீங்க. நீங்க யாருன்னு தெரிஞ்சவங்க சொல்லணுமே."

கூட வந்திருந்த எதிர்வீட்டுப் பாஞ்சாலை முன்னால் வந்தாள். முப்பது வருஷம் இருவரோடும் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக் கடலை உரித்தவள்.

"இவ எல்லம்மாதான் டீச்சர். ரெண்டு பேருக்கும் மூஞ்சிதான் ஒண்ணு. கன்னி வாயத் தொறந்தா ரோட்டுல பஸ்ஸு நிக்கும். இவ பேசினா பக்கத்துல இருக்கறவளுக்கே கேக்காது. இதான் அடையாளம், எழுதிக்கோங்க."

வரிசையில் பின்னால் நின்ற அருணகிரிக்கு அவசரம். "எதுக்கு யக்கா இவ்ளோ சிரமம்? அதே மூஞ்சி. கன்னியம்மா பேர்லயே இருந்துட்டுப் போயேன்."

எல்லம்மாள் ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தாளில் அக்கா இன்னும் உயிரோடு இருந்தாள். மாற்றச் சொன்னால், தன் வாயாலேயே அவளை இன்னொரு முறை அனுப்ப வேண்டும். சும்மா இருந்துவிட்டால் என்ன?

அருணகிரி விடவில்லை. "எந்தப் பேரா இருந்தா என்னா?"

"ஏன்டா, உன் பேர எடுத்துட்டு உன் மச்சான் பேர எழுதட்டுமா? எந்தப் பேரா இருந்தா என்னான்னு உன் பொண்டாட்டிகிட்ட கேளு, சோறு போடறாளா பாக்கலாம்!"

சாலையில் மலையைச் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் எல்லம்மாளின் குரலுக்கு நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

பாஞ்சாலை தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடிப் பாவி! சாட்சி சொல்ல வந்தவ மானத்த வாங்கிட்டியே. இப்பப் போயி கன்னி மாதிரியே கத்தறியேடி!"

வராந்தாவே சிரித்தது. எல்லம்மாளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. திட்ட வேண்டியவர்களையெல்லாம் அக்காவே திட்டித் தீர்த்துவிடுவாள். தனக்கு யாரும் மிச்சம் இருந்ததில்லை. அதில் கிடைத்ததுதான் சாது என்கிற பேர். இனிமேல் தன் பங்கைத் தானேதான் திட்டிக்கொள்ள வேண்டும்.

"அப்ப யாருன்னு எழுதட்டும்?" ஆர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"எல்லம்மாள்னு எழுது கண்ணு. செத்தது எங்க அக்கா, கன்னியம்மா."

மாசிக்குப் பிறகு அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

ஆர்த்தி கன்னியம்மாளின் பெயரைக் கோடு போட்டு அடிக்க அதன்மேல் ஸ்கேலை வைத்தாள்.

"நேரா போடு கண்ணு," என்றாள் எல்லம்மாள். "கோணலா போட்டா வந்து திட்டுவா."