ஐம்பது பாகத்து மீன்

டிரம்மின் மூடியைத் திறந்தபோது அங்கே இருந்தவர்கள்: சலவைப்பட்டறையில் பனியனுக்கு நீலம் போடுகிற வேலாத்தாள், அதே பட்டறையின் பிளீச்சிங் பவுடர் நெடியில் நெஞ்சு கெட்டு வீட்டோடு கிடந்த அவள் புருசன் மருதாசலம், கொஞ்சம் புளி கேட்டு வந்து நின்ற பக்கத்து வீட்டு மயிலாத்தாள், தூத்துக்குடியிலிருந்து சாயத்துக்கு உப்பு ஏற்றிவந்த லாரி டிரைவர் சவரிமுத்து, வேப்பமரத்தில் கட்டியிருந்த வெள்ளாடு ஒன்று. பட்டறைக்கும் அதன் பின்னாலிருந்த வீட்டு வரிசைக்கும் சொந்தக்காரரான வெள்ளியங்கிரி முதலாளி அன்று இல்லை. காதர்பேட்டையில் கல்கத்தா வியாபாரி ஒருவரிடம் பனியன் விலை பேசிக்கொண்டிருந்தார். மூடி திறந்ததும் ஆடு உட்பட எல்லோருக்கும் காது அடைத்துக்கொண்டது. டிரம்முக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்பு மீன் இருந்தது. தான் பிறந்த ஆழத்தையும் அது தன்னோடு கொண்டுவந்திருந்தது. அறுபத்து நான்காம் வருசம், ஆடி மாதம். அந்த வருசம் நூல் விலை ஏறியிருந்தது.

சவரிமுத்து சொன்ன விவரம் இதுதான். அவன் மச்சான் ஆழ்கடலில் தூண்டில் போடுகிறவன். கடலுக்கடியில் பாறைத்திட்டு இருக்கிற இடத்தை அவர்கள் பார் என்பார்கள். கரையோரப் பாரில் கிடைக்கிற மீன் வேறு, ஐம்பது பாகத்துக்குக் கீழே வெயில் எட்டாத பாரில் கிடைக்கிற மீன் வேறு. ஒரு பாகம் என்பது ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். அவ்வளவு ஆழத்திலிருந்து இழுத்தால் மேலே வருவதற்குள் மீனின் வயிறு வாய்வழியாகப் பிதுங்கிச் செத்துவிடும். இது சாகவில்லை. வள்ளத்தில் கிடந்தபோது வள்ளம் ஒரு சாண் தாழ்ந்தது. பயந்துபோய்க் கடலில் விட்டார்கள். மறுநாள் அதே தூண்டிலில் வந்து ஏறியது. அறுக்க உட்கார்ந்த பெண்ணின் கத்தி, தண்ணீருக்குள் வீசினதுபோல மெதுவாகப் போனது. கடல் இல்லாத ஊராகப் பார்த்து இறக்கிவிட்டு வா என்று டிரம்மில் போட்டுச் சவரிமுத்துவிடம் கொடுத்துவிட்டார்கள். வழியில் அவிநாசிபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தி, மீன் இருக்கிறதா என்று மூடியைத் தூக்கிப் பார்த்தான். டீக்கடைக்காரர் ஒரு கையால் காதைக் குடைந்துகொண்டே இன்னொரு கையால் டம்ளரை நீட்டினார்.

"ரெண்டு நாளைக்கு மேல தாங்காதுக்கா," என்றான் வேலாத்தாளிடம். "வெளிச்சம் இதுக்கு ஆவாது. செத்தா கொழம்பு வச்சிருங்க. எங்க ஊருக்கு மட்டும் திருப்பி அனுப்பிராதீங்க."

வேலாத்தாள் கடலைப் பார்த்தவள் இல்லை. மீனையும் அவள் சரியாகப் பார்க்கவில்லை. அவள் காது வேறு ஒன்றில் இருந்தது. மருதாசலத்தின் நெஞ்சுக்குள் சில வருசங்களாக ஒரு விசில் உண்டு. மூச்சை இழுத்தால் ஒரு சத்தம், விட்டால் ஒரு சத்தம். படுத்தால் அடைக்கும் என்பதால் முதுகுக்குப் பனியன் மூட்டையை முட்டுக்கொடுத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குவான். ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று, பழனிக்கு முடி கொடுத்தாயிற்று, விசில் நிற்கவில்லை. டிரம்மின் மூடி திறந்திருந்த நேரம் முழுக்க அது நின்றிருந்தது. சவரிமுத்து மூடியை வைத்தான், விசில் திரும்பியது. வேலாத்தாள் தானே போய் மூடியைத் திறந்தாள். விசில் நின்றது. மூடினாள், வந்தது. இன்னொரு தரம் செய்து பார்க்கவில்லை.

"இந்த டிரம்மு இங்கியே இருக்கட்டுமுங்க," என்றாள்.

"ஏனம்மிணி, கொழம்புக்கா?" என்றாள் மயிலாத்தாள்.

"என்ற ஊட்டுக்காரருக்கு."

"அந்தத் துண்டு மீனு அவருக்கு எந்த மூலைக்கு?"

காதர்பேட்டையில் மூடிப்போன கடையொன்றின் கண்ணாடிப் பெட்டி, பனியனை அடுக்கிக் காட்டுவதற்கு வைத்திருந்தது, பட்டறைக் கொட்டகையில் சும்மா கிடந்தது. அதை மல்லாக்கப் போட்டு, மூலைகளுக்கு இரும்புப் பட்டை அடித்து, புட்டியும் தாரும் பூசித் தொட்டியாக்கி, வீட்டின் பின்னறையில் வைத்தார்கள். ஒவ்வொரு நடையிலும் சவரிமுத்து உப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒரு டிரம் கடல்தண்ணீர் கொண்டுவந்தான். தண்ணீருக்குக் காற்று வேண்டும் என்று சொல்லி ஒரு பழைய லாரி டியூபையும் கொடுத்தான். சைக்கிள் பம்பால் அதில் காற்றடித்து, வாயில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டித் தொட்டிக்குள் விட்டால் ஒரு பொழுது முழுக்கக் கொப்புளம் விடும். காற்றடித்தவள் வேலாத்தாள்தான், மருதாசலத்தால் பம்பை இரண்டு அமுக்கு அமுக்க முடியவில்லை. தீனிக்கு நொய்யல் ஆற்றில் பொடி இறால் அள்ளிவந்தாள். அப்போது நொய்யலில் இறால் இருந்தது.

மீன் இரண்டு நாளைத் தாண்டியது, ஆனால் தேறவில்லை. தண்ணீர் பச்சையோடியது. மீனின் சிவப்பு வெளுத்தது. ஒரு மூலையில் சாய்ந்து நின்றது. காது அடைப்பது குறைந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்த மருதாசலத்தின் நெஞ்சில் விசில் மெல்ல ஏறியது. வேறு யாராக இருந்தாலும் தண்ணீரை மாற்றியிருப்பார்கள். வேலாத்தாள் சலவைப்பட்டறைக்காரி. எது பழுப்பேறினாலும் எது பச்சையோடினாலும் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், கடைசி அலசலில் நீலம். பனியனுக்குப் போடுகிற நீலத்தை ஒரு துணியில் முடிந்து தொட்டிக்குள் முக்கிப் பிழிந்தாள். அடுத்த நடை வந்த சவரிமுத்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"யக்கா, மீனைச் சலவைக்கா போட்டீய?"

அவன் அறிந்த கணக்கில் மீன் செத்திருக்க வேண்டும். மீனின் கணக்கு வேறாக இருந்தது. தண்ணீர் கருநீலமானதும், வெயில் எட்டாத இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதாக அது எடுத்துக்கொண்டது. மூலையை விட்டு வெளியே வந்தது, இறால் தின்றது, சிவப்பு ஏறியது. கூடவே பின்னறை ஆழமாகிவிட்டது.

சுவரும் கூரையும் இருந்த இடத்தில்தான் இருந்தன. நின்று கையை உயர்த்தினால் விட்டத்தைத் தொடலாம். ஆனால் சவரிமுத்து பரண்மேல் ஏறிக் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கியபோது, ஐம்பது பாகம் கயிறு போனபிறகுதான் குண்டு தரையைத் தட்டியது. கை தவறிய டம்ளர் யோசித்து யோசித்துக் கீழே இறங்கும். சாம்பிராணிப் புகை மேலே போகாமல் தரையில் படுத்துக்கொள்ளும். துணி நனையாது, ஆனால் தலைமுடி எழும்பி ஆடும். கதவைச் சும்மா சாத்தினால் ஆழம் உள்ளிருந்து தள்ளித் திறந்துவிடும்; பிறகு தெரு முழுக்கக் காதடைத்து, ஆடுகள் படுத்து, பட்டறையில் துணி பிழிகிறவர்களின் கை மந்தமாகிவிடும். அதனால் யார் உள்ளே போனாலும் வெளியிலிருந்து பூட்டுவது வழக்கமாயிற்று. உள்ளே இருப்பவர் தட்டினால் திறப்பார்கள். சாவி வேலாத்தாளின் முந்தானையில் இருந்தது. வீட்டுவரிக்கு அளக்க வந்தவர் நீளத்தையும் அகலத்தையும் எழுதிக்கொண்டு, ஆழத்தை எங்கே எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டுப் போனார்.

மருதாசலம் அந்த அறையில் மல்லாந்து படுத்துத் தூங்கினான். அந்தக் காற்று கனமானது. நெஞ்சை அதுவே தள்ளித் திறந்து உள்ளே போனது. காலையில் வாங்கிக்கொண்டு வந்த மூச்சு சாயங்காலம்வரை தாங்கியது. வருசம் திரும்பியபோது டியூபுக்குக் காற்றடிக்கிற வேலையை அவனே எடுத்துக்கொண்டான். அதற்கடுத்த வருசம் பனியன் மடிக்கப் போனான். பிளீச்சிங் தொட்டிப் பக்கம் மட்டும் போகவில்லை. "ஏனுங்ணா, மீனுக்கு நீங்க காத்தடிக்கறீங்களா, உங்களுக்கு மீனு காத்தடிக்குதா?" என்று மயிலாத்தாள் வேலிக்கு அந்தப்புறமிருந்து கேட்பாள். "கூலி யாரு குடுக்கறாங்கன்னு பாத்துச் சொல்லு," என்பான். சவரிமுத்து ஒருமுறை புருசன் பெண்டாட்டி இருவரையும் கடல் பார்க்கக் கூப்பிட்டான். ஊட்டுக்குள்ளயே இருக்குதுங்களே என்று வேலாத்தாள் போகவில்லை. மீன் வளரவும் இல்லை, கிழடு தட்டவும் இல்லை. இப்படி ஏழு ஆடி போயிற்று.

வெள்ளியங்கிரி முதலாளிக்கு எல்லாம் தெரியும். பட்டறை ஓடியதால் கேட்கவில்லை. அந்த அறைக்குள் அவர் காலும் வைத்ததில்லை. எழுபத்தொன்றில் மருதாசலம் ஒரு பனியன் மூட்டையை மறந்துபோய் உள்ளே விட்டுவந்தான். மறுநாள் எடுத்தபோது அது அப்பளக்கட்டு உயரத்துக்கு அமுங்கியிருந்தது. கல்கத்தாவுக்குப் போகிற ஒவ்வொரு பனியன் பேலையும் திருகு பிரஸ்ஸில் வைத்து நாலு ஆள் தொங்கி அமுக்குகிற காலம் அது. முதலாளி அந்த மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறை என்னுடையது என்றார். அதில் பொய் இல்லை. ஆள்விட்டு மூட்டைகளை அடுக்கினார். எண்ணுவதற்கு வெளிச்சம் வேண்டும் என்று இருநூறு வாட் பல்பு ஒன்றை மாட்டச் சொல்லி, எரியவிட்டே வைத்தார். மருதாசலத்துக்குப் பாய் விரிக்க இடமில்லை. வெளியே கட்டிலுக்கு வந்தான்.

பல்பு வெளிச்சம் நீலத்தையும் துளைத்தது. மீன் பழையபடி மூலைக்குப் போய்ச் சாய்ந்தது. சவரிமுத்து குண்டை இறக்கிப் பார்த்தான். நாற்பது பாகம், அடுத்த நடையில் முப்பதுக்கும் குறைவு. கட்டிலில் முதுகுக்கு மூட்டை வைத்து உட்கார்ந்திருந்த மருதாசலத்தின் விசில் மயிலாத்தாள் வீடுவரைக்கும் கேட்டது. வேலாத்தாள் ஈரக்கையோடு முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க மொதலாளி, அந்தப் பல்ப மட்டும் கழட்டிப்போடுங்க. மூட்ட இருந்தா இருந்துட்டுப் போவுது."

"இருட்டுல எப்படி எண்ணறதம்மிணி? மீனக் கூப்பிட்டு எண்ணச் சொல்லட்டுமா?"

"மீனு போச்சுன்னா அவரு போயிருவாருங்க."

"மீன நம்பி எவனாச்சும் உசுரு வெச்சிருப்பானா? கோயமுத்தூர்ல பெரிய டாக்டருகிட்டக் காட்டு. என்ற காரை எடுத்துட்டுப் போ."

அவர் கெட்டவர் இல்லை. காரைக் கொடுத்திருப்பார். பல்பைத்தான் கழற்ற மாட்டார். வேலாத்தாள் பட்டறையின் நீலத்தொட்டிக்குப் போனாள். உடைக்காத நீல டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூடியைப் பெயர்த்து, முழுசையும் மீன்தொட்டிக்குள் கவிழ்த்தாள். தண்ணீர் கறுத்தது. மீன் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அவள் வெளியே வந்து கதவைப் பூட்டி முடிப்பதற்குள் உள்ளே பல்பு கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம் போட்டு உடைந்தது. அன்றைக்குச் சவரிமுத்துவின் கயிறு முழுக்கப் போயும் குண்டு தரையைத் தொடவில்லை. மறுநாள் எடுத்துப் பார்த்தபோது மூட்டைகள் பலகையாக இருந்தன. ஒரு டஜன் பனியன் ஒரே பனியனாகியிருந்தது. கத்தி விட்டும் பிரியவில்லை.

முதலாளி கடப்பாரையோடு வந்தார். தொட்டியை உடைத்து மீனை நொய்யலில் போடுவதாகத் தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தார். கட்டிலிலிருந்து மருதாசலம் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. வேலாத்தாள் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"வழிய உடு."

"உடறனுங்க. ஆனா நீங்க உள்ள போனா நான் வெளிய பூட்டோணும். இல்லீன்னா ஊரே காதடச்சுப் போயிரும்."

"பூட்டித் தொலை."

பூட்டினாள். கண்ணாடி உடைகிற சத்தத்துக்காகத் தெரு காத்திருந்தது. மயிலாத்தாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். உள்ளே நடந்தது இது: முதலாளி கடப்பாரையைத் தலைக்குமேல் ஓங்கித் தொட்டியைப் பார்த்து இறக்கினார். அந்த ஆழத்தில் எதுவும் வேகமாக விழாது. கடப்பாரை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்குவதற்குள் அவர் ஒரு மூச்சு வாங்க வேண்டியிருந்தது. வாங்கினார். அது தொண்டையோடு நிற்காமல் நெஞ்சுக்குப் போய், அங்கேயும் நிற்காமல் அடிவயிற்றுக்குப் போனது. பிளீச்சிங் நெடிக்கு முதலாளி, கூலியாள் என்ற வித்தியாசம் கிடையாது. பட்டறை தொடங்கியதிலிருந்து அவரும் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் பாதியில் நிற்பதை வயசென்று நினைத்திருந்தார். கண்ணாடிக்கு ஒரு விரல் மேலே கடப்பாரையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு பலகை மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து, இன்னொரு மூச்சு வாங்கினார். அதற்கப்புறம் இன்னொன்று.

வெகுநேரம் கழித்துத் தட்டினார். கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார். மறுநாள் ஆள் வந்து மூட்டைகளை எடுத்துக்கொண்டு போனது. பல்பு மாட்டியிருந்த ஒயரையும் சுருட்டிக்கொண்டு போனது. சவரிமுத்து புதுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஊற்ற மை தெளிந்து, மீன் கண்ணில் பட்டது. ஆழம் ஐம்பது பாகத்துக்கு வந்து நின்றது. மருதாசலம் பாயை உதறிப் போட்டான்.

சில நாள் கழித்து, மத்தியானச் சோற்றுக்குப் பட்டறை ஓய்ந்திருந்த வேளையில், முதலாளி காரை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வாசலில் வேலாத்தாள் முறத்தில் இறால் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மருதாசலம் உள்ள இருக்கானா?"

"தூங்கறாருங்க."

"ம்." வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். "சித்த நேரம்..." என்றார். கேட்டுப் பழக்கமில்லாதவர்; பேச்சு அங்கேயே நின்றது. வேலாத்தாள் எடுத்துக்கொடுக்கவில்லை. இறாலைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சித்த நேரம் உள்ள உக்காந்துக்கட்டுமா, அம்மிணி?"

"அதுக்கென்னங்க." கையை உதறிக்கொண்டு எழுந்துபோய்ப் பின்னறைப் பூட்டைத் திறந்தாள். "செருப்பக் கழட்டிப் போட்டுட்டுப் போங்க. காது அடச்சா எச்சிய முழுங்குங்க, சரியாப் போயிரும். அவரு காலை மிதிச்சுராதீங்க."

முதலாளி செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டுக் குனிந்து நுழைந்தார். வேலாத்தாள் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.